பெரிய ப்ரீமும் என் வீட்டு மீன்குழம்பும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் நண்பர் வீட்டு விருந்துல நடந்த சண்டைதான் (கைகலப்பு எல்லாம் இல்லைங்க, சாம்பார் ஆறிப்போற அளவுக்கு ஒரு வாக்குவாதம்) இன்னைக்கு உட்கார வச்சிருக்கு.

விஷயம் சிம்பிள். சிட்னிக்குத் தெற்கே ஓடுற ஜார்ஜஸ் ஆத்துல 39 செ.மீ. நீள ப்ரீம் ஒண்ணு பிடிச்சேன். அளந்தேன், திரும்ப ஆத்துலயே விட்டுட்டேன். இதைப் பெருமையாச் சொன்னதுக்கு நண்பர் கேட்டார், "திங்காத மீனை எதுக்குய்யா முள்ளு போட்டு இழுத்தே?" சபையே சிரிச்சது. எனக்குச் சட்டுனு பதில் வரலை. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் வந்துச்சு, வழக்கம்போல.

ப்ரீம் தெரியாதவங்களுக்கு: ஆஸ்திரேலியாவோட கிழக்குக் கரையில, கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலக்குற கழிமுகம் எல்லாத்துலயும் இருக்குற மீன். வெள்ளி உடம்பு, வயித்துப் பக்கம் மஞ்சள் துடுப்பு. அதனால யெல்லோஃபின் ப்ரீம்னு பேரு. சின்னது எந்தப் படகுத்துறையில நின்னாலும் மாட்டும், ஆறு வயசுப் பையன்கூட இழுத்துடுவான். ஆனா 40 செ.மீ.யைத் தொடுற பெரிசு இருக்கே, அது வேற ஜந்து. மூக்குல ஒரு நீலப் பூச்சு வந்திருக்கும். அதனாலயே 'புளூநோஸ்'னு பட்டப்பேரு. அதைப் பிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

அந்த நாலு வருஷத்துல முதல் ரெண்டு வருஷம் கடைக்காரனுக்குக் கொடுத்தேன். புது ராடு, புது ரீல், ரப்பர் புழு, பளபளக்கிற பொம்மை மீனு. ரப்பர் புழுவை வச்சுப் பெரிய ப்ரீம் பிடிக்கிற கில்லாடிங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை. நமக்கு அது வரலை. என் கட்சி என்னன்னா, கரையில நின்னு பிடிக்கிறவனுக்குக் காசு உதவாது. இடமும் நேரமும் வாயை மூடிக்கிட்டு இருக்கறதும்தான் உதவும்.

இடத்தைப் பத்தி ஒரு கிழவர் சொல்லிக்கொடுத்தார். கிரேக்கக்காரர், கோமோ பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். (1885ல கட்டின பாலம். இப்ப ரயில் போறதில்ல, நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும்தான்.) அவர் சொன்னது: "நீ தண்ணியைப் பாக்குற, நான் தூணைப் பாக்குறேன்." பெரிய ப்ரீம் நடு ஆத்துல சும்மா திரியாது. பாலத்துத் தூண், மிதவைத்துறை, ரொம்ப நாளா நகராத படகு, சிப்பி ஒட்டின பாறை, இதுங்களோட நிழல்லதான் இருக்கும். சிப்பியையும் நண்டையும் நறுக்னு உடைச்சுத் தின்கிற தாடை அதுக்கு. ஒரு காலத்துல இந்த ஆத்துல சிப்பிப் பண்ணைங்க நிறைய. 1994ல க்யூஎக்ஸ்னு ஒரு நோய் வந்து சிப்பியெல்லாம் செத்து அந்தத் தொழிலே படுத்துடுச்சு.

நேரம்னா, பகல்ல வெயில் அடிக்கறப்போ போறது வீண். விடியறதுக்கு முன்னாடி, இல்லைன்னா இருட்டினப்புறம். தண்ணி இறங்க ஆரம்பிச்ச முதல் ரெண்டு மணி நேரம் எனக்கு ராசி. ஓரத்துச் சேத்துல இருந்த இறாலு, நண்டுக்குஞ்சு எல்லாம் தண்ணியோட ஆழத்துக்கு வரும், பெரிசு வாசல்ல நின்னு வரவேற்கும். மழை பேஞ்சு தண்ணி லேசாக் கலங்கினா இன்னும் நல்லது, வெள்ளமாப் போனா வீட்டுலயே இருங்க. குளிர்காலத்துல (இங்க ஜூன், ஜூலை) முட்டையிட ஆத்து வாய்ப்பக்கம் இறங்கிடும். அப்ப மேல்பக்கம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுட்டு வந்த ராத்திரிகள் எனக்கு நிறைய.

அப்புறம் நரம்பு. தடியா இருந்தா பெரிசு கிட்டயே வராது. முள்ளுக்கு மேல ஒரு பாகம் நீளத்துக்கு ஆறு பவுண்டு தாங்குற ஃப்ளூரோகார்பன் நரம்பு போதும். ஈயக்குண்டை முடிஞ்சா விட்டுடுங்க. ஓட்டம் ஜாஸ்தின்னா பட்டாணி அளவுல ஒண்ணு. இரை தன்னால செத்து மிதந்து வந்த மாதிரி இருக்கணும். நான் போடறது மடவைத் துண்டு, இல்லைன்னா கோழி நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்குக் கீறினது. இறால் போட்டா பொடிசுங்க ரெண்டு நிமிஷத்துல உரிச்சுட்டுப் போயிடும். கடிச்ச உடனே வெடுக்குனு இழுக்காதீங்க. பெரிசு முதல்ல ரெண்டு தட்டு தட்டும், கவ்விக்கிட்டு நகரும், அப்பத்தான் நரம்பு ஒரே சீராப் போகும். அதுவரைக்கும் பொறுக்கணும். எனக்கு அந்தப் பொறுமை வர்றதுக்குத்தான் மீதி ரெண்டு வருஷம் :-)

இப்ப சண்டைக்கு வரேன். என் முதல் பெரிசு 41 செ.மீ. அதை விடலை. போட்டோ எடுத்தேன், ஊருக்கு அனுப்பினேன், அம்மா போன்ல சொல்லச் சொல்லப் புளி கரைச்சுக் குழம்பு வச்சோம். உண்மையைச் சொல்லணும்னா, சுமாராத்தான் இருந்துச்சு. சதை கொஞ்சம் விரைப்பு. 28 செ.மீ. மீன்ல வர்ற ருசி அதுல இல்லை.

அதுக்கப்புறம்தான் அதைப் பத்திப் படிச்சேன். இந்த மீன் 24 செ.மீ. வளர்றதுக்கே ஏறக்குறைய அஞ்சு வருஷம் எடுத்துக்குது. 20 வருஷத்துக்கு மேலயும் வாழக்கூடியது. பெரும்பாலானது ஆணாத் தொடங்கிப் பின்னாடி பெண்ணா மாறுற இனம். அதனால பெரிசுங்க பெரும்பாலும் பெண்ணுங்க, வயித்துல முட்டையும் அதிகம். நான் குழம்பு வச்சது என் பொண்ணைவிட மூத்ததா இருந்திருக்கும். (பொண்ணு அப்ப ரெண்டாங்கிளாஸ்.) அன்னைக்கு ராத்திரி ஒரு மாதிரி இருந்துச்சு. குற்ற உணர்ச்சின்னு பெரிய வார்த்தை எல்லாம் போட விரும்பலை. ஒரு மாதிரி, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, நியூ சவுத் வேல்ஸ்ல 25 செ.மீ.க்குக் கீழ எடுக்கக்கூடாது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து. மேல் வரம்பு கிடையாது. என்னைக் கேட்டா வேணும். 26லேர்ந்து 32 வரைக்கும் சட்டிக்கு, 36க்கு மேல ஆத்துக்கு. இது நானே எனக்குப் போட்டுக்கிட்ட சட்டம். 2002ல பாட்டனி வளைகுடாவையும் இந்த ஆத்தையும் பொழுதுபோக்கு மீன்பிடிக்குன்னு ஒதுக்கி வலைக்காரங்களை வெளியேத்தினாங்க. நமக்காக ஒருத்தன் தொழிலை விட்டுட்டுப் போயிருக்கான். அப்ப நமக்கும் கொஞ்சம் கை அடங்கணும் இல்லையா?

நண்பர் கேட்டதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். விளையாட்டுக்காக ஒரு உசுரை முள்ளுல மாட்டி இழுக்கறது அசிங்கம்தான், அதை மறைக்க நான் தயாரில்லை. ஆனா இரையைப் போடும்போது எது வரும்னு எனக்குத் தெரியாதே. குழம்புக்குத்தான் போறேன், பாட்டி வந்து மாட்டினா அனுப்பி வைக்கிறேன். அனுப்பறதையும் ஒழுங்கா அனுப்பணும். ஈரக் கையால பிடிக்கணும், போட்டோவுக்குன்னு பத்து நிமிஷம் வெளியில வச்சுக்கக்கூடாது. முள்ளை முழுங்கிட்டா நோண்டி எடுக்காதீங்க, நரம்பை வாய்க்கிட்ட வெட்டி விட்டுடுங்க. இங்க இதே ப்ரீமை வச்சே ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. நோண்டி எடுத்ததைவிட வெட்டி விட்டது அதிகம் பிழைக்குது, பலது முள்ளைத் தானே துப்பிடுது.

சிட்னிக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்கே பிடிக்கிற எந்த மீனையும் சாப்பிடாதீங்க. டையாக்ஸின் இருக்குன்னு 2006லேர்ந்து அரசாங்கமே சொல்லுது. அங்க எல்லாத்தையும் விட்டுத்தான் ஆகணும், நண்பரோட கேள்வி அங்கதான் இன்னும் சரியாப் பொருந்தும். அதனால நான் அந்தப் பக்கம் தூண்டிலே போடறதில்லை.

சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி தண்ணி இறங்க ஆரம்பிக்குது. நண்பரையும் கூப்பிட்டிருக்கேன். வரேன்னுட்டார். பெரிசு மாட்டினா யார் கையில இருக்கும்ங்கறதுதான் இப்பப் பிரச்சினை.