வளிமண்டலத்தைக் கெடுத்த மனிதன் யார்?

வளிமண்டலம் வெப்பமடைவதற்கு மனித நடவடிக்கையே காரணம் என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்தி. அறிவியல் நோக்கில் இக்கூற்றிற் பிழையில்லை. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர், வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. நிலக்கரியும் கனிய எண்ணெயும் எரிக்கப்பட்டமையும் காடுகள் அழிக்கப்பட்டமையுமே இதன் முதன்மைக் காரணங்கள். ஆயின் சமூக நோக்கில், ‘மனித நடவடிக்கை’ என்னும் தொடர் ஓர் உண்மையைக் கூறி மற்றோர் உண்மையை மறைக்கின்றது. எந்த மனிதன்? எவருடைய நடவடிக்கை? பழியை மானிட குலம் முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால், குற்றம் புரிந்தவன் கூட்டத்தில் மறைந்துவிடுவான். இவ்வினாவை எழுப்புதற்குப் பதுளை மாவட்டம் பொருத்தமான களமாகும்.

ஊவா மலைகளின் காடு தானாக அழியவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைக்குச் சான்று காட்டப்படாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாகக் கருதியது. அக்காணிகள் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். மரத்தில் அடங்கியிருந்த காபன் புகையாகி வானேறியது, இலாபம் கப்பலேறியது, வேர்ப்பிடிப்பை இழந்த மலைச்சரிவு மாத்திரம் இங்கே எஞ்சியது. கோடரியும் மண்வெட்டியும் பிடித்த கை கூலிக்காரனுடையதே. ஆனால் ஆணையும் அவனுடையதன்று, வருவாயும் அவனுடையதன்று.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது, வளி கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதத்தாற் கூடுகின்றது. ஆகவே கடும் மழை முன்னரிலும் கடுமையாகப் பெய்கின்றது. ஊறிய மண் கனத்துப் பிடிப்பை இழந்து சரிகின்றது. இதனை இயற்கை அனர்த்தம் என்கின்றோம். மழை இயற்கையாயினும், அச்சரிவின் கீழ் எவர் வாழ்கின்றனர் என்பது இயற்கையின் தீர்ப்பன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்ணுட் புதையுண்டன. இறந்தோரும் காணாமற் போனோருமாக 30க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் மக்கள் வெளியேறவில்லை என்று வாதிடுவோர் உளர். எங்கே வெளியேறுவது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகம், பின்னர் குடியுரிமை பெற்றும் காணியுரிமை பெறவில்லை. லயம் தோட்டத்துக்குரியது; தொழில் லயத்தோடு பிணைந்தது. ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம் ‘எழுந்து போ’ என்பது எச்சரிக்கையன்று, கைகழுவல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பதுளை மாவட்டமும் மண்சரிவுகளாற் பேரழிவுக்குள்ளாயிற்று. மீரியபெத்தயின் பாடம் பதினொரு ஆண்டுகளாகியும் முற்றாகக் கற்கப்படவில்லை.

தோட்ட மக்களின் விறகடுப்பும் சரிவிலிடும் மரக்கறித் தோட்டமுமே கேட்டுக்குக் காரணம் என்பாரும் உளர். தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலை உலைகளும் விறகையே தின்கின்றன என்பதை அவர் ஏன் மறந்தனர்? இலங்கையர் ஒருவர் ஆண்டுதோறும் வெளியிடும் காபனீரொட்சைட்டு உலகச் சராசரியின் நான்கிலொரு பங்கையும் எட்டாது. அவருள்ளும் ஓர் அறையில் அடைபட்டு வாழும் கொழுந்து பறிப்பவளின் பங்கு எத்துணை? சரிவிற் பயிரிடல் மண்ணரிப்பை உண்டாக்கும் என்பதை மறுக்கவில்லை. சமநிலம் மறுக்கப்பட்டவர் சரிவில் அன்றி வேறெங்கே பயிரிடுவர்?

இன்று எமது அரசு உலக அரங்கிலே காலநிலை நீதி கோருகின்றது. 2022இல் எகிப்தில் கூடிய காலநிலை மாநாடு, பாதிக்கப்படும் வறிய நாடுகளின் இழப்புக்கென ஒரு நிதியத்தை ஏற்றது. சிறிதே மாசுபடுத்திப் பெரிதும் துன்புறும் நாடு ஈடு கேட்பது முற்றிலும் நியாயம். அதே நியாயத்தை ஊவாவின் லயங்கள் கொழும்பிடம் கேட்டால் மாத்திரம் அது சலுகையாகிவிடுமா? 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியாரிடம் சென்றது. எனினும் கம்பனிகள் குத்தகைக்காரரே, நிலம் அரசினது. ஆகவே காணியில்லை என்பது சாட்டு. மனமில்லை என்பதே மெய்.

வேண்டுவன தெளிவானவை. அபாயச் சரிவிலுள்ள லயங்களை அடுத்த பருவமழைக்கு முன்னரே அகற்றல் வேண்டும். குடும்பத்துக்கு உறுதியோடு கூடிய பாதுகாப்பான காணி வழங்கல் வேண்டும். செங்குத்தான சரிவுகளில் தேயிலையை நீக்கி மீண்டும் காடு வளர்த்தல் வேண்டும். சுற்றாடல் தினத்தன்று மரக்கன்றொன்றை நட்டுப் படமெடுத்துக் கொள்வதோடு கடமை முடிந்ததென எண்ணும் பல்கலைக்கழக மாணவராகிய நாமும் இவற்றைப் பேசவும் எழுதவும் கடமைப்பட்டோம். வளிமண்டலம் எல்லோர்க்கும் பொது என்போர், முதலில் நிலத்தில் ஒரு துண்டையேனும் அதில் உழைப்போருக்கு உரியதாக்கட்டும்.