ஸ்வாப்பை நீக்கலாமா?

சாரத்து மாணவர் சிலர், பழங்கணினி மந்தமானவுடன் ஸ்வாப்பை நீக்கிவிடுதலே மருந்தென்று கருதுகின்றனர். யாம் அதற்கு உடன்படோம்.

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து ஆள்கின்றது. இடம் நெருங்குங்கால், நெடுநேரம் தீண்டப்படாத பக்கங்களைத் தேடும். வட்டிலுள்ள கோப்பினின்றும் வந்த பக்கம், மாற்றப்படாததாயின், அதனைக் கைவிடலாம். வேண்டியபோது மீண்டும் படித்துக்கொள்ளலாம். செயலியொன்று தானே ஆக்கி வைத்துள்ள தரவுக்கோ வட்டிற் பிரதி இல்லை. அதற்கு ஸ்வாப்பே புகலிடம். அதனை நீக்கினால், காலைமுதல் எவரும் தீண்டாத தரவு அசையாது குந்தியிருக்க, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பக்கங்களே வெளியேற்றப்படும். மறுகணமே அவற்றை வட்டினின்றும் கொணர்தல் வேண்டும். அம்மந்தம் முன்னையினும் கொடிது. முடிவில் கெர்னல் ஒரு செயலியையே கொன்றுவிடும். மாணவன் சேமியாது வைத்த கட்டுரையும் அதனுடன் மாய்தல் கூடும்!

ஸ்வாப் நினைவகத்தைப் பெருக்குமென்று யாம் கூறவில்லை. ஒரே வேளையில் வேண்டப்படும் பக்கங்கள் இடத்தினும் மிகுமாயின், எவ்வுபாயமும் பயன்படாது. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கிய அட்லஸ் கணினிமுதல் இதுவே நிலை. ஆயினும் 2014 முதல் கெர்னலில் முறையாக இடம்பெற்றுள்ள இசட்ரேம், பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கின்றது. கல்லூரிக் கணினிக்கூடத்தார் பழையனவற்றை ஏலத்திற்கு விடுமுன் இதனையேனும் இயக்கிப் பார்த்தல் வேண்டும்.