நெஞ்சைத் திறக்கப் பழகும் கைகள்



மன்னார் ஓலைத்தொடுவாயில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளையிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், 'டொக்டர்' என்ற பதில் உடனே வரும். என்ன டொக்டர் என்று அடுத்துக் கேட்டால்தான் தயக்கம் வரும். அந்தத் தயக்கம் பிள்ளையின் குறையில்லை. மருத்துவ பீடத்தை விட்டு வெளியே வந்தபின் வழி எப்படிப் பிரிகிறது, எது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று இருந்து சொல்லித்தர நம் கரையோர ஊர்களில் ஆள் குறைவு. அதனால் அந்த வழிகளில் மிக நீண்ட ஒன்றைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். நெஞ்சைத் திறந்து இருதயத்திலும் நுரையீரலிலும் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணராக ஒருவர் எப்படி உருவாகிறார்?

இது நமக்குத் தூரத்துக் கதையாகத் தோன்றலாம். அப்படியில்லை. பிறக்கும்போதே இருதயச் சுவரில் துவாரத்தோடு பிறக்கும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. சிறுவயதில் வந்த தொண்டை நோவைக் கவனியாமல் விட, சில கிழமைகளில் காய்ச்சலும் மூட்டு வலியுமாக வாதக் காய்ச்சல் வந்து, இருதய வால்வைத் தாக்குவதும் உண்டு. அந்தப் பிள்ளை பெண்ணென்றால், வளர்ந்து தாயாகும் காலத்தில் மூச்சு முட்டத் தொடங்கலாம். பெற்றோரே, காய்ச்சலோடு வரும் தொண்டை நோவைக் கைமருந்தோடு விட்டுவிடாதீர்கள். வாதக் காய்ச்சல் என்று கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை ஒரு தவணைகூடத் தவறவிடாதீர்கள். அந்த ஊசி பின்னாளில் ஒரு பெரிய சத்திரசிகிச்சையையே தவிர்க்கக்கூடும்.

தவிர்க்க முடியாமற் போனவர்களுக்கு நிபுணர் வேண்டும். நீண்ட காலம் நம்மவர்கள் இதற்காகக் கொழும்புக்கே போனார்கள். மன்னாரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். குழந்தையென்றால் சீமாட்டி ரிச்வே வைத்தியசாலை, வளர்ந்தவரென்றால் தேசிய வைத்தியசாலை. கூடப் போகிறவருக்குத் தங்க இடமில்லை, மொழி தெரியாது, போகும் நாள்களில் கடலுக்குப் போக முடியாததால் வருமானமும் இல்லை. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் திறந்த இருதய சத்திரசிகிச்சை நடக்கிறது. பூநகரி வழியாகப் போனால் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். தாய்மொழியில் வருத்தத்தைச் சொல்லி, தாய்மொழியில் பதில் கேட்க முடிகிறது. ஒரு நிபுணர் அருகில் இருப்பதன் பெறுமதியை, நோயாளியோடு கொழும்புக்கு அலைந்த குடும்பங்கள் நன்றாக அறியும்.

இனி வழியைப் பார்ப்போம். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் தொடங்குகிறது அது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மன்னார் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கும் மாவட்டம். அரச மருத்துவ பீடத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. தகுதியுள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. ஐந்து ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அதோடு டொக்டராகிவிடலாம். இருதய நிபுணராக விரும்புகிறவருக்கோ அது தொடக்கம் மட்டுமே.

அதன்பின் வைத்திய அதிகாரியாக வேலை செய்துகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் தெரிவுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். தேறினால் பொதுச் சத்திரசிகிச்சையில் பல ஆண்டுப் பயிற்சி. குடல்வால், குடலிறக்கம், விபத்துக் காயம் என்று உடம்பு முழுவதையும் பழகியபின் எம்.டி. பட்டம். அதற்குப் பிறகே இருதய நெஞ்சறைப் பிரிவில் சிரேஷ்ட பதிவாளராகச் சேர்ந்து, ஒரு பகுதியை வெளிநாட்டு வைத்தியசாலையில் முடித்து, நிபுணர் சான்று பெறலாம். அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டிலும் நீளம் பெரிதாக மாறாது. எம்.பி.பி.எஸ். முடித்து, பொதுச் சத்திரசிகிச்சையில் மூன்று ஆண்டு எம்.எஸ்., பின் இருதய நெஞ்சறைப் பிரிவில் மேலும் மூன்று ஆண்டு எம்.சிஎச். அல்லது எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு சேரும் ஆறு ஆண்டு டி.ஆர்.என்.பி. பயிற்சி.

ஏன் இவ்வளவு காலம்? இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்குறுக்களவு ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர்தான். அடைப்பைத் தாண்டி அதில் வேறொரு குழாயைத் தைத்துப் பொருத்துவதே பைபாஸ். தையல் நூல் தலைமுடியிலும் மெல்லியது. மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உருப்பெருக்கி இல்லாமல் செய்ய முடியாது. தைப்பதற்கு முன் வழக்கமாக உடலின் இரத்தத்தை இதய நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலால் இருதயத்தை நிறுத்துவார்கள். நிறுத்திய நிமிடத்திலிருந்து கடிகாரம் எதிராக ஓடுகிறது. வேகம் வேண்டும், அவசரம் கூடாது.

அந்தப் பக்குவம் புத்தகத்தில் வராது. பயிற்சிக்கு வந்தவர் முதலில் காலிலிருந்து நாளத்தை எடுத்துக் கொடுப்பார். பிறகு நெஞ்செலும்பை அறுத்துத் திறக்கவும் கம்பியால் கட்டி மூடவும் பழகுவார். பிறகு இயந்திரத்தின் குழாய்களைப் பெருநாடியிலும் இருதய அறையிலும் பொருத்துவார். கடைசியாகத்தான் அந்த நுண்தையல். ஒவ்வொரு படியிலும் எதிரே ஒரு மூத்தவர் நிற்பார். இவர் கை தடுமாறினால் அவர் கை வந்துவிடும். இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் விழித்திருந்து இரத்த அழுத்தத்தையும் வடிகுழாயில் இறங்கும் இரத்தத்தையும் பார்ப்பதும் பயிற்சியே. நம் கரையில் தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வலை பொத்தப் பழகாத பிள்ளை உண்டா? அதுபோலத்தான் இதுவும்: கண் பார்க்க, கை பழகும். எதிரே நின்று பழக்க ஒருவர் வேண்டும்.

நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஓர் ஊருக்கு இருதய சத்திரசிகிச்சையைக் கொண்டுவருபவர் ஆசிரியரே. தமிழ்நாட்டு வேலூரின் கதை அதற்குச் சாட்சி. 1949ஆம் ஆண்டு அமெரிக்கரான டொக்டர் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நெஞ்சறைச் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். காசநோய் நுரையீரலைத் தின்ற காலம் அது. அவர் நோயாளிகளைக் குணமாக்கியதோடு நிற்காமல் இளம் டொக்டர்களைப் பழக்கினார். அவரிடம் பழகியவர்களில் ஒருவர் நாகரூர் கோபிநாத். அமெரிக்காவின் மினியாபொலிசில் இருதய சத்திரசிகிச்சை நிபுணர் வால்டன் லில்லஹையிடமும் பயின்று திரும்பிய கோபிநாத், 1962இல் திறந்த இருதய சத்திரசிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். இந்தியாவின் முதல் வெற்றிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. பின்னர் டெல்லி எய்ம்ஸ் வைத்தியசாலைக்குப் போய் அங்கும் ஒரு தலைமுறையைப் பழக்கினார். அதே வேலூரில் விரிவுரையாளராக இருந்த கே. எம். செரியன், அவுஸ்திரேலியாவில் பயின்று வந்து, 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில் இந்தியாவின் முதலாவது பைபாஸைச் செய்தார். 2025 ஜனவரியில் அவர் காலமானபோது, அவரிடம் பழகிய கைகள் பல நாடுகளில் வேலை செய்துகொண்டிருந்தன.

இப்படிப் பழக்குவது நம் மண்ணுக்கும் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்தார், அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். போதித்தவர் இருந்ததால் வைத்தியர்கள் உருவானார்கள்.

ஆகவே எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வடக்கில் பணிபுரியும் நிபுணர்களே, உங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தை வகுப்பறையாகவும் வைத்திருங்கள். உங்களுக்குப்பின் வருகிறவரை இன்றே உங்கள் எதிரே நிறுத்துங்கள். கடல்கடந்த நாடுகளில் இருக்கும் நம் டொக்டர்களே, விடுமுறைக்கு வரும்போது சில நாள்களை இங்குள்ள இளையவர்களோடு ஒரே மேசையில் நின்று செலவிடுங்கள். இயந்திரம் அனுப்புவது நல்லது. வந்து கற்பிப்பது அதிலும் நல்லது. பெற்றோரே, உற்றாரே, முப்பது வயதைத் தாண்டியும் பரீட்சை எழுதும் மகனையோ மகளையோ பார்த்து "இன்னும் படிச்சு முடியேல்லையோ?" என்று கேட்டு மனதை நோகடிக்காதீர்கள். பயிற்சிக் காலம் முழுவதும் அவர்கள் சம்பளத்தோடு நோயாளிகளுக்கு உழைக்கிறார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளைக் கலியாணப் பேச்சைச் சொல்லிப் பாதியில் மறிக்காதீர்கள். இந்தத் துறையில் பெண்கள் உலகெங்கும் குறைவு. நம் வீட்டிலிருந்து ஒருத்தி போகட்டும்.

பிள்ளைகளே, இசட் புள்ளி ஒரு வாசல். அதற்குப் பின்னாலும் நெடுந்தூரம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு நடப்பவர்களுக்குக் களைப்புக் குறைவு. இருதயம் உங்கள் விருப்பமில்லையென்றால் மயக்கமருந்து, தீவிர சிகிச்சைத் தாதியம், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பம் என்று பல வழிகள் அதே மேசைக்கு வருகின்றன. ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சத்திரசிகிச்சை நடவாது.

அடுத்த இதழிலிருந்து மருத்துவத்தின் ஒவ்வொரு துறைக்கும் போகும் வழியை இங்கே எழுதுவோம். உங்கள் கேள்விகளைத் தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். எந்தக் கேள்வியும் சிறிதில்லை. அறிந்தவர்களிடம் கேட்டுப் பதில் போடுவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்