தானாகப் பிடிக்கும் பிரேக் டாப் மாடலுக்கு மட்டும்தானா?

புதிய செடான் வாங்கப் போகும் வீட்டில் மாதக்கணக்கில் நடக்கும் பேச்சு எல்லாம் எந்த கார் என்பதைப் பற்றித்தான். டிசையரா, அமேஸா, ஆராவா என்று அலசி, ஒன்றை முடிவு செய்து, ஷோரூமுக்குள் போய் உட்கார்ந்த பிறகே அடுத்த கேள்வி எழுகிறது: எந்த வேரியன்ட்? அதற்கு ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடம். “இன்னும் எண்பதாயிரம் போட்டா டாப் எண்டே வந்துடும் சார், இஎம்ஐல ஆயிரத்து முந்நூறுதான் கூடும்” என்று விற்பனையாளர் சொல்வார். அவர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு, கார் எது என்ற முடிவைவிடக் கூடுதலாகப் பணத்தை இழுத்துக்கொண்டு போகலாம்.

மாருதி சுசூகி டிசையரின் நான்காம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 11-ல் விற்பனைக்கு வந்த அந்த காரில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று நான்கு வேரியன்ட்கள். மேனுவல் கியர் பெட்ரோல் காருக்கு அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை முறையே 6.79, 7.79, 8.89, 9.69 லட்சம் ரூபாய். நான்கிலும் ஒரே 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். அடியில் இருப்பதற்கும் உச்சியில் இருப்பதற்கும் 2.90 லட்சம் வித்தியாசம். அதாவது பேஸ் மாடலின் விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

அந்த 2.90 லட்சம் எதற்கு? விஎக்ஸ்ஐயில் 7 அங்குலத் தொடுதிரையும் பின்சீட்டுக்கு ஏசி வென்ட்டும் வருகின்றன. இசட்எக்ஸ்ஐயில் எல்இடி விளக்கு, 15 அங்குல அலாய் வீல், ரிவர்ஸ் கேமரா, தானாக இயங்கும் ஏசி. பிளஸ் வாங்கினால் சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, 9 அங்குலத் திரை. எல்லாம் பிடித்தமானவையே. ஆனால் உயிரைக் காக்கும் முக்கியமான சாமான்கள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு ஏர்பேக்குகளும், வழுக்கும் சாலையில் காரை நிலைதடுமாறாமல் பிடித்துவைக்கும் ஈஎஸ்பியும் எல்எக்ஸ்ஐயிலேயே இருக்கின்றன. குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு இந்த கார் வாங்கிய ஐந்து நட்சத்திரம், பேஸ் மாடல் வாங்குபவருக்கும் சேர்த்துத்தான். அந்த அமைப்பு, பாதுகாப்புச் சாதனம் குறைவாக உள்ள வேரியன்டை எடுத்தே மோதிப் பார்ப்பது வழக்கம்.

நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2014-ல் குளோபல் என்கேப் முதன்முறையாக இந்திய கார்களைச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரே பெயர், ஒரே தோற்றம். பூஜ்யத்துக்கும் நான்குக்கும் இடையே நின்றது வேரியன்ட் ஒன்றுதான். ஃபோக்ஸ்வேகன் உடனே ஏர்பேக் இல்லாத போலோவை விற்பனையிலிருந்து விலக்கியது. ஓட்டுநருக்கான ஏர்பேக்கை 2019 ஜூலையில்தான் அரசு எல்லா கார்களுக்கும் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு வரை, பணம் குறைவாக வைத்திருந்தவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே எதுவும் இல்லாத கார்கள் இந்தியாவில் சட்டப்படியே விற்கப்பட்டன. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவை 2022-ல் வெளியிட்ட மத்திய அரசு, மறு ஆண்டே அந்த யோசனையைக் கைவிட்டது. இருந்தும் டிசையர், அமேஸ், வெர்னா மூன்றிலும் இன்று எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் வருகிறது என்றால், அதில் நட்சத்திரங்களைக் கேட்டு வாங்கத் தொடங்கிய வாடிக்கையாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது அந்தப் பழைய கதை வேறு உருவில் திரும்ப வந்திருக்கிறது. முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் தானாக பிரேக் பிடிப்பது, ஓட்டுபவர் கண்ணயர்ந்து தடம் மாறினால் ஸ்டீயரிங்கைத் திருத்துவது போன்ற வசதிகளை அடாஸ் என்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா அமேஸ், பத்து லட்சத்துக்குள் அடாஸ் கொடுத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் வி, விஎக்ஸ், இசட்எக்ஸ் என்ற மூன்றில் அது வந்தது உச்சியில் இருந்த இசட்எக்ஸில் மட்டும். மேனுவல் கியரில் அறிமுக விலை வி-க்குச் சுமார் 8 லட்சம், இசட்எக்ஸுக்கு 9.70 லட்சம். அந்த பிரேக் வேண்டும் என்பவர், தனக்குத் தேவையில்லாத பலவற்றையும் சேர்த்து அப்போது 1.70 லட்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னாவிலும் இதே கதைதான். 2023-ல் புதிய வெர்னா வந்தபோது அடாஸ் வசதி மேல்மட்டமான எஸ்எக்ஸ் (ஓ) வரிசைக்கென்று வைக்கப்பட்டது. அதே வரிசையில் குளிரூட்டும், சூடேற்றும் முன்சீட்டுகளும் சேர்ந்தே வந்தன. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் தானாகப் பிடிக்கும் பிரேக்குக்காக, சீட்டைச் சூடாக்கும் கருவிக்கும் காசு கொடுக்க வேண்டியிருப்பது நியாயமான வியாபாரம் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய காரிலும் தானியங்கி அவசர பிரேக் இருந்தே தீர வேண்டும். பேஸ் மாடலா டாப் மாடலா என்ற பேச்சே அங்கு கிடையாது. நம் சாலைகளில் கோடே இல்லை, மாடும் ஆட்டோவும் குறுக்கே வரும், இங்கே அடாஸ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நகரத் தெருக்களுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். இரவில் நான்குவழிச் சாலையில், பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிக்குப் பொருந்தாது.

ஆகவே ‘டாப் எண்ட் வீண் செலவு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. ‘டாப்புக்கு ஒரு படி கீழே வாங்கு’ என்று காலங்காலமாகச் சொல்லப்படும் யோசனையும் எல்லா காருக்கும் சரிவராது. அமேஸில் விஎக்ஸிலிருந்து இசட்எக்ஸுக்குப் போக அறிமுக விலையில் ஆன கூடுதல் செலவு 60,000 ரூபாய். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர் அதைத் தயங்காமல் கொடுக்கலாம். டிசையரில் இசட்எக்ஸ்ஐயிலிருந்து பிளஸுக்கு அறிமுக விலையில் 80,000 ரூபாய். கைக்கு வருவது சன்ரூஃபும் 360 டிகிரி கேமராவும் பெரிய திரையும்தான் என்பதால், மே மாத வெயிலில் காரை வெளியில் நிறுத்தும் குடும்பம் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதே மேல்.

பார்க்க வேண்டியது, அந்தக் கூடுதல் பணத்துக்கு வரும் பொருளைப் பிறகு சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதைத்தான். தொடுதிரை, ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் ஆறு மாதம் கழித்தும் வாங்கலாம்; ஒயரை வெட்டி வாரன்டியைக் கெடுத்துக்கொள்ளாமல் டீலரிடமே மாட்டிக்கொண்டால் போதும். ஏர்பேக், ஈஎஸ்பி, அடாஸ், ஆட்டோமேட்டிக் கியர், பின்சீட் ஏசி வென்ட் ஆகியவை தொழிற்சாலையிலிருந்தே வந்தால்தான் உண்டு. வயதான பெற்றோர் பின்னால் உட்கார்ந்து வரும் வீட்டுக்கு அந்த ஏசி வென்ட் ஆடம்பரமே அல்ல. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு, டிசையரின் ஏஜிஎஸ் என்ற ஆட்டோமேட்டிக் கியர் விஎக்ஸ்ஐயிலிருந்துதான் தொடங்குகிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த காரில் விஎக்ஸ்ஐ போதும் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. இரவுப் பயணம் அதிகம் உள்ளவர்கள் மட்டும் எல்இடி விளக்குக்காக இசட்எக்ஸ்ஐயை யோசிக்கலாம்.

இனி பணம். எக்ஸ்-ஷோரூம் விலைப் பட்டியலில் தெரியாத ஒரு பள்ளம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுள் வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். கூடுதல் வரி தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். டிசையர் இசட்எக்ஸ்ஐ பிளஸ் மேனுவல் 9.69 லட்சத்துக்கு வந்தபோது அதற்கான வரி சுமார் 1.26 லட்சம். அதே வேரியன்ட் ஏஜிஎஸ் கியருடன் 10.14 லட்சம், வரி 1.82 லட்சத்துக்கு மேல். கியருக்காகக் கூடியது 45,000 ரூபாய். அதனால் கூடிய வரி 56,000 ரூபாய்க்கு மேல். ஆக வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டிசிஎஸ் என்ற ஒரு சதவீத முன்வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், வாங்கும் நாளில் கையிலிருந்து போகும் பணம் அது.

2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் அந்த டிசையர் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கியது. வரி கூடும் பத்து லட்சக் கோடு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை கார் விலை ஏறுவது வழக்கம் என்பதால், கோட்டருகே நிற்கும் வேரியன்ட்கள் எப்போது வேண்டுமானாலும் அதைத் தாண்டலாம். வருமான வரியைப் போல, வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் விதிப்பதே முறை. அப்படிச் செய்திருந்தால் 10.14 லட்சம் காருக்கு வரி 1,32,520 ரூபாயோடு நின்றிருக்கும். வாங்கியவருக்குச் சரியாக 50,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். மாநில அரசு இதைத் திருத்த வேண்டும்.

இஎம்ஐ கணக்கும் கண்ணை மறைக்கும். வேரியன்டுக்காகக் கூடுதலாக வாங்கும் ஒரு லட்சம், 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனானால் மாதம் சுமார் 1,609 ரூபாய்தான். கடைசியில் கட்டி முடிப்பதோ 1.35 லட்சம். காப்பீட்டுக் கணக்கில் காரின் மதிப்பு ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிடும். அந்த ஒரு லட்சத்துக்கும் அதே கதிதான்.

வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு வேரியன்டுக்கும் ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஷோரூமில் பளபளவென்று நிற்பதும் விளம்பரத்தில் ஓடுவதும் பெரும்பாலும் டாப் மாடல்தான். டெஸ்ட் டிரைவுக்கு வருவதும் அதுவே. வாங்கப் போகும் அதே வேரியன்டைக் கேட்டு, முடிந்தால் இருட்டிய பிறகு, வீட்டுப் பெரியவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டாக்கில் இருக்கிறது, நாளைக்கே டெலிவரி என்ற பேச்சுக்காக வேரியன்டை மாற்றக் கூடாது.

கார் நிறுவனங்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. சன்ரூஃபையும் அலாய் வீலையும் அவர்கள் எந்த வேரியன்டில் வேண்டுமானாலும் வைத்து விற்றுக்கொள்ளட்டும். அவசர பிரேக்கை மட்டும் தனி விலை போட்டு, பேஸ் மாடல் வாங்குபவரும் சேர்த்துக்கொள்ளும்படி விற்க வேண்டும். கேமராவும் மென்பொருளும் ஏற்கெனவே அதே காருக்காக உருவாக்கப்பட்டவை. அதே தொழிற்சாலையில் பொருத்தப்படுபவை. அமேஸ் வி வாங்குபவர் அந்த ஒரு வசதிக்காக உச்சி வேரியன்டின் விலையைக் கொடுக்க வேண்டிய நிலையை மாற்றப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை, விலைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.