கழற்றியதைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்!



மந்தைவெளிப் பக்கம் போனால் தெருவோரம் நிற்கும் கார்களின் எண் பலகைகளைச் சற்றுக் கவனியுங்கள். பலவற்றில் டி.என். 06 என்று இருக்கும். மந்தைவெளி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு அது. எண்ணோடு கூடவே தரப்படும் பதிவுச் சான்றில் காரின் எஞ்சின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், நிறம் முதலிய விவரங்கள் இருக்கும். காருக்கு அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. "என் காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கப் போகிறேன்" என்று ஒருவர் பட்டறைக்குப் புறப்படும் நாளிலிருந்து, சான்றில் உள்ள கார் வேறு, சாலையில் ஓடும் கார் வேறு என்று ஆகத் தொடங்குகிறது.

காரில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கழற்றிய பாகங்கள் எங்கே போகின்றன என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் காயலான் கடைக்கு. அதிர்ஷ்டம் இருந்தால் அங்கிருந்து புதுப்பேட்டைக்கு. இப்படி அனுப்புவது நஷ்டம் மட்டுமல்ல, அறிவியல் முறைக்கே முரணானது என்பது என் கருத்து.

ஏன் என்பதை நம் ஊர்க் கார் ஒன்றை வைத்தே பார்ப்போம். பிரிட்டனில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற சிறிய கார் வெளிவந்தது. அதையே 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. அக்காலத்தில் பல கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலே சட்டமாகவும் இருக்கும். ஹெரால்டுக்கோ தனியான எஃகுச் சட்டம் உண்டு. உடற்பகுதிகள் போல்ட்டுகளால் அதன் மேல் பொருத்தப்பட்டவை. முன்பக்க மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். கழற்றிப் பார்க்க விரும்பும் கைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தச் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே பிரிட்டனில் செய்தார்கள். நம் குடும்பக் கார், பந்தயக் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் பியட், ஹெரால்டு, அம்பாசடர் எல்லாம் ஓடின. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. இருந்த குடும்பக் காரைத்தான் திருத்தியாக வேண்டும்.

திருத்தங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கழற்றி மாட்டுவது. ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இரட்டைக் கார்புரேட்டர் வைப்பது இதைச் சேர்ந்தது. பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலைப் பொழுதில் பழையபடி மாற்றிவிடலாம். மற்றொன்று, வெட்டுவது, சீவுவது, துளையிடுவது. இதற்குத் திரும்பும் வழி கிடையாது.

சிலிண்டர் ஹெட்டைச் சீவும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டு எஞ்சினின் கொள்ளளவு 948 கன செ.மீ. நான்கு சிலிண்டர்கள், ஆகவே ஒன்றுக்கு 237. அமுக்க விகிதம் 8 என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மீதமிருக்கும் இடம் 237-ஐ 7-ஆல் வகுத்தால் வரும்: சுமார் 34 கன செ.மீ. சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ. ஹெட்டின் அடிப்பரப்பில் 1 மி.மீ. சீவினால் உத்தேசமாக 3 கன செ.மீ. குறையும். அமுக்க விகிதம் ஏறத்தாழ 8.7 ஆகும். இதனால் வரும் லாபம் என்ன? பாடப்புத்தகத்தின் இலட்சிய எஞ்சினில் வெப்பத் திறன் 56.5 சதவீதத்திலிருந்து 58-ஐ நெருங்கும், அவ்வளவே. உண்மை எஞ்சினில் திறன் அதைவிடக் குறைவு. சீவிய உலோகம் சீவியதுதான். அதை ஒட்டவைக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அப்பா இளமையில் இரண்டு முறை ஹெட்டைச் சீவிய ஹெரால்டு இருந்தது. பின்னாளில் நெரிசலில் எஞ்சின் சூடேறி ஹெட் வளைந்துவிட்டது. வளைந்த ஹெட்டை மெல்லச் சீவித்தான் மட்டமாக்குவார்கள். சீவுவதற்கு அதில் உலோகம் மிச்சம் இல்லை. பந்தய ஆசைக்கு வேறொரு ஹெட் வாங்கிச் சீவி, மூலத்தைப் பரணில் போட்டிருந்தால் கார் ஓடியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலில் மாற்றம் செய்யும்போது, மாற்றாத கரைசலையும் ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? கழற்றிய பாகம்தான் காருக்கு அந்த ஒப்பீடு. புதிய கார்புரேட்டரில் வண்டி உண்மையிலேயே விரைவாக ஓடுகிறதா, சத்தம் மட்டும் கூடியிருக்கிறதா? பழையதைத் திரும்ப மாட்டி, அதே பாதையில், அதே எடையோடு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மூலத்தை விற்றவருக்கு எஞ்சியிருப்பது நம்பிக்கை ஒன்றுதான். காதுக்கு வேகமாகத் தோன்றும் கார்களெல்லாம் கடிகாரத்துக்கு வேகமாக இருப்பதில்லை!

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உச்ச வேகத்தில் பெரிய எதிரி காற்று. அதை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் பத்து சதவீதம் கூட, திறன் சுமார் 33 சதவீதம் கூட வேண்டும். பிரேக்குக்கோ இருமடிக் கணக்கு: 80 கி.மீ. வேகம் 100 ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் அதிகம். பந்தயத் திருத்தம் பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும்; பலரும் சைலன்சரிலிருந்து தொடங்குகிறார்கள். ஹெரால்டின் பின்னச்சு இன்னும் சிக்கலானது. இரு அரைத் தண்டுகள் நடுவிலிருந்து ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிமானம் போய்விடும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் கம்பெனியே இந்த அமைப்பைக் கைவிட்டது.

"எல்லாரும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுதால் புதியது எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். 1988-இல் தொடங்கிய ஃபார்முலா மாருதி பந்தயங்கள் அவற்றால்தான் நடந்தன. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவைப் பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால் அவர் செய்தது பந்தயத்தளத்துக்கென்றே ஒரு புதுக் கார். பதிவு பெற்ற குடும்பக் காரைச் சிதைப்பது வேறு.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2021-இல் வந்த விதிகளோ 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 'விண்டேஜ்' என்ற தனித் தகுதி தருகின்றன. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்று பழைய இரும்பு என்று வீசியதுதான் இன்று அந்தத் தகுதிக்குச் சாவி.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்கவும் வேண்டாம். ரப்பர் குழாய்கள் காற்றுப்பட்டு வெடித்துவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. அவற்றை அளவெடுத்துக் குறித்துக்கொண்டு தூக்கிப் போடலாம். உலோகத்தைத்தான் காக்க வேண்டும். மந்தைவெளியில் அதுவும் எளிதல்ல. கடல் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. உப்புத் துகள் ஈரத்தை இழுத்து, இரும்பின் மேல் மின்பகுளிப் படலமாகிவிடுகிறது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றுங்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் அடைத்தால் உள்ளேயே வியர்க்கும். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் பிறந்துவிடும்.

உங்களிடம் கார் இருக்காது, சைக்கிள் இருக்கும். செயின் கவரையோ பின் பல்சக்கரத்தையோ மாற்றும்போது இதைச் செய்து பாருங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு சீட்டுக் கட்டுங்கள். பெயரும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எண்ணெயில் பரவிவிடும்.