செத்தவனிடம் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் அடி அண்ணாமலை வழியாக லட்சக்கணக்கான கால்கள் நடக்கின்றன. அன்றைக்குக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் வண்டி ஓடக்கூடாது என்று போலீஸ் தடுப்பு வைத்து மறிக்கிறது. நல்லது. பக்தனின் கால் காப்பாற்றப்பட வேண்டியதுதான். மற்ற நாட்களில் விடியற்காலையில் அதே ரோட்டில் காலனி சனம் கட்டட வேலைக்கு நடக்கிறது. அந்தக் காலுக்குத் தடுப்பு வைக்கிறது யார்?

கால் போன பிறகு நடக்கிற கூத்துதான் இன்னும் மோசம். கார்க்காரன் காப்பாற்றப்படுகிறான், இன்சூரன்ஸ்காரன் வாதாடுகிறான், அடிபட்டவன் தன் உடம்பின் விலையைத் தானே நிரூபிக்க வேண்டும். 'நீ மாசம் எவ்வளவு சம்பாதிச்சே? அத்தாட்சி எங்கே?' இதுதான் முதல் கேள்வி. சாதி பேர் கேட்காமலேயே சாதியைக் கேட்கிற கேள்வி இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தோழர்களே. நான் வங்கி எழுத்தர். ஒண்ணாம் கிளாஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இன்றைக்குக் கொத்தனாருக்குக் கையாள். ரெண்டு பேருக்கும் வயசு முப்பத்தஞ்சு, ரெண்டு வீட்டிலும் நாலு பேர் எங்களை நம்பி இருக்கிறார்கள். ஒரே கார் ரெண்டு பேரையும் ஒரே இடத்தில் அடித்துக் கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009 சர்லா வர்மா தீர்ப்புப்படி எங்கள் வயசுக்கு மல்டிப்ளையர் 16. சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கு கழியும். 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, எதிர்காலத்தில் வருமானம் ஏறும் என்பதற்காக, நாற்பதுக்குக் கீழே நிரந்தர வேலைக்காரனுக்கு 50 சதம் கூட்ட வேண்டும். கூலிக்காரனுக்கு 40 சதம்தான். எனக்கு மாசம் 50,000 என்றால், வரியை விட்டுவிட்டு, என் குடும்பத்துக்கு 1 கோடியே 8 லட்சம். அவனுக்கு ஏது சம்பளச் சீட்டு? தீர்ப்பாயம் உத்தேசமாக மாசம் 10,000 வைத்தால் 20 லட்சத்து 16 ஆயிரம். உயிரோடு இருந்தபோது எங்களுக்குள் ஐந்து மடங்கு வித்தியாசம். பிணமான பிறகு அது ஐந்தே கால் மடங்கையும் தாண்டுகிறது.

இது எங்கிருந்து வந்தது? 1855இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாவு நஷ்ட ஈட்டுச் சட்டத்திலிருந்தே, குடும்பத்துக்குப் போன வருமானம் எவ்வளவு என்பதுதான் அளவுகோல். 1855இல் நம்ம பாட்டன் படியாள். படி நெல்லுக்கு எவன் ரசீது கொடுத்தான்? 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு அட்டவணை சேர்த்தார்கள். சம்பாதிக்காதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று அதில் எழுதினார்கள். 2018 வரைக்கும் அந்த எண்ணை மாற்றவில்லை. வீட்டு வேலை பார்க்கிற பெண்ணின் மதிப்பு, சம்பாதிக்கிற புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காம்!

'நஷ்டத்துக்குத்தானே ஈடு? அதிகம் சம்பாதிச்சவன் போனால் அதிகம் நஷ்டம், இதில் சாதி எங்கே வந்தது?' என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன். நிலம் இல்லாமல் வைத்தது யார்? கூலியை அமுக்கி வைத்தது யார்? பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டியது யார்? உயிரோடு இருந்தபோது அடித்த கொள்ளையை 16ஆல் பெருக்கி, அதுதான் நியாயம் என்று முத்திரை குத்துகிறீர்கள்.

இதே நாட்டில் வேறு அளவுகோலும் இருக்கிறது. ரயில் விபத்தில் பயணி செத்தால் 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம். ஏ.சி. பெட்டியில் போனவனுக்கும் அதே 8 லட்சம், பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போனவனுக்கும் அதே 8 லட்சம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் கொலைக்கு 2016இல் 8 லட்சத்து 25 ஆயிரம் என்று வைத்தபோதும் செத்தவனின் சம்பளத்தைக் கேட்கவில்லை. தண்டவாளத்தில் சமமான உயிர் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏன் தட்டுக் கெட்டுப் போகிறது? 1949இல் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தது இதைத்தான்: ஓட்டில் சமம், மதிப்பில் சமமில்லை.

அடுத்தது என் கவுண்டருக்கே வருகிற கதை. தீர்ப்பாயம் கொடுக்கிற பணம் நேராகக் கைக்கு வராது, வங்கியில் டெபாசிட் ஆகும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன நெறிமுறை இது. ஏமாற்றிப் பிடுங்கிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கைநாட்டு என்றால் பூட்டு நிச்சயம். படித்தவன் என்றால், அவன் சமுதாயத்தில் எந்த அடுக்கு என்பதையும் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. புருஷனைப் பறிகொடுத்த பெண் தன் பணத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வட்டிக்கு வந்து நிற்கிறாள். இயந்திரம் மாதிரி இப்படிப் பூட்டாதீர்கள் என்று 2012இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. பிழைப்புக்கு வண்டி வாங்கவோ அவசரத்துக்கோ எடுக்கத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். இதை அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?

நமக்குக் கிடைத்த ஆயுதங்களும் உண்டு. 2010 ராஜ்குமார் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது: டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்படும் நஷ்டம் வேறு. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சனுக்கும் பிழைப்பே போச்சு; அரசாங்க எழுத்தருக்கு வேலை போகாமல் இருக்கலாம். டாக்டர் 40 என்று எழுதினால் 40லேயே நிற்காதீர்கள். காலை இழந்த காய்கறி வியாபாரி வழக்கில், 2014இல், அப்பேர்ப்பட்டவனிடம் வருமானத்துக்குக் காகிதம் கேட்பது நியாயமில்லை என்று சொல்லி மாசம் 6,500 என்று ஏற்றார்கள். சந்தையில் வாங்கி, வண்டி தள்ளி விற்கிறவனுக்குக் கால்தான் முதல் என்பதையும் ஒத்துக்கொண்டார்கள்.

மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். கூட்டம் போட்டுக் கைதட்டுவதோடு நிற்காமல் இந்த வேலையையும் எடுங்கள். விபத்து நடந்த அன்றே எஃப்.ஐ.ஆர். நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பத்திரமாகட்டும். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாசக் கெடு சட்டத்தில் இருக்கிறது. எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், இருந்தாலும் கெடுவுக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும். எலும்பு கூடவே ஆறு மாசம் ஆகிறவனுக்கு ஆறு மாசக் கெடு வைத்த கருணையைப் பாருங்கள்! விபத்து எந்த ஊரில் நடந்தாலும் குடியிருக்கிற ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். பாதிக்கு ஆள் பிடிக்கிற புரோக்கரிடம் போகாதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. இடித்துவிட்டு ஓடியவன் யாரென்றே தெரியாவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 உண்டு. தாசில்தார், கோட்டாட்சியர் அலுவலகத்தை விடாதீர்கள்.

நம் கோரிக்கை பிச்சை கிடையாது. தவறு யாருடையது என்று பார்க்காமலே சாவுக்கு 5 லட்சம் என்று 164ஆம் பிரிவு வைத்திருக்கிறதே, அதை உயர்த்து. எந்தச் சேரி உயிரும் அதற்குக் கீழே போகாது என்கிற அளவுக்கு உயர்த்து. 50க்கும் 40க்கும் நடுவே உள்ள வேலியைப் பிடுங்கு. காகிதம் இல்லாதவனிடம் காகிதம் கேட்பதை நிறுத்து. கூலிக்காரனின் உடம்புதான் அவன் நிலம், அவன் வீடு, அவன் பேங்க் கணக்கு. அதை இடித்துத் தள்ளியவன் முழு விலை கொடுக்கட்டும்.