காந்தம் கட்டியம் கூறுமா?

கதிரவனில் புயல் எழுந்ததாம்! புவியின் காந்தப்புலம் கலங்கிற்றாம்! ஆகவே இன்ன நாளில் நிலம் நடுங்குமாம்! பஞ்சாங்கத்தைப் பரணில் எறிந்துவிட்டுக் காந்தமானியைக் கையில் ஏந்தி வந்திருக்கும் இந்தப் புதுச் சோதிடர்களை நாம் கேட்கிறோம்: ஆதாரம் எங்கே?

அவர்கள் ஓயாமல் காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில், லோமா பிரியெட்டா மலைப்பகுதியில், 6.9 அளவில் நிலம் அதிர்ந்தது. 63 பேர் மாண்டனர். நடுக்க மையத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில், கொராலிடோஸ் என்னும் இடத்தில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரின் காந்தக் கருவி ஒன்று இருந்தது. நிலநடுக்கத்தை நாடி வைத்ததன்று; வேறோர் ஆய்வுக்காக வைத்தது. அதன் பதிவு இரண்டு வாரங்களுக்கு முன்பே உயரத் தொடங்கிற்று. நடுக்கத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கையில் பன்மடங்கு உயர்ந்தது. போதாதா? முன்னறிவிக்கும் வழி கண்டோம் என முழக்கம் எழுந்தது.

இருபது ஆண்டுகள் சென்றன. 2009இல் தாமஸ், லவ், ஜான்ஸ்டன் என்னும் மூன்று ஆய்வாளர்கள் அப்பதிவைப் பிற நிலையங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட முடிவு என்ன? உயர்ந்தது நிலத்தின் காந்தமன்று, கருவியிலே கோளாறு! பழுதுபட்ட கருவியின் பிதற்றலையன்றோ அருள்வாக்கெனப் போற்றினர்!

பழுதில்லாத கருவிகள் என்ன கூறின? அதே மாநிலத்துப் பார்க்ஃபீல்டில், 1993க்குள் நடுக்கம் வருமென எதிர்பார்த்துக் காந்தமானிகள் உள்ளிட்ட கருவிகளை நிறுத்திக் காத்திருந்தனர். வந்ததோ 2004 செப்டம்பர் 28 அன்று, 6.0 அளவில். காந்தமானிகள் முன்கூட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அப்படியானால் தொடர்பே இல்லையா? உண்டு; மறைக்கமாட்டோம். பாறையை அழுத்தினால் அதன் காந்தத் தன்மை சிறிது மாறும். 1992இல் லாண்டர்ஸ் பகுதியில் 7.3 அளவில் நிலம் குலுங்கியபோது அருகிருந்த கருவியில் மாற்றம் தெரிந்தது. எவ்வளவு? சுமார் 1 நானோடெஸ்லா! அங்குள்ள புவிக்காந்தமோ 50,000 நானோடெஸ்லாவை ஒட்டியது. கதிரவனால் அன்றாடம் ஏற்படும் ஏற்ற இறக்கமே பத்துக் கணக்கில் இருக்கும். அந்த ஒன்றும் நடுக்கத்தோடு வந்ததே தவிர, முன்னே வந்து எச்சரித்ததன்று.

காந்தப்புலம் பிறப்பது 2,900 கிலோமீட்டருக்குக் கீழே, உருகிய இரும்புக் குழம்பில். நடுக்கங்கள் பிறப்பதோ ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்குள். இதை நம் வகுப்பறைச் சிறுவரும் சொல்வர். சோதிடர்க்கு மட்டும் தெரியாது. கதிரவன் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் உறவுண்டா என்று 2013இல் லவ்வும் தாமஸும் பழம்பதிவுகளை ஆராய்ந்தனர். பொருட்படுத்தத்தக்க உறவு எதுவும் அகப்படவில்லை.

இன்னொன்று கேட்கிறோம். லோமா பிரியெட்டாவில் மாண்ட 63 பேரில் 42 பேர் எங்கே மாண்டனர்? மையத்துக்கு வெகு தொலைவில், ஓக்லண்டு நகரில், சைப்ரஸ் சாலையின் இரட்டை அடுக்கு மேம்பாலம் இடிந்ததில்! இளகிய மண்மீது எழுப்பிய பாலம். கான்கிரீட் தூண்களுக்குள்ளே போதிய இரும்புக் கம்பியில்லை. காந்தமானியின் முள்ளை உற்று நோக்கும் கண்கள் அந்தத் தூண்களை ஏன் நோக்கவில்லை?